பெயர் ஒன்று, சரக்கு இரண்டு: இன்றைய டேவிஸ் கோப்பை குறித்து ஒரு மதிப்பீடு

ஆண்களுக்கான உலக அணி டென்னிஸ் போட்டியான டேவிஸ் கோப்பையை ஓர் ஆண்டு முழுவதும் பின்தொடரும் ரசிகருக்கு இப்போது ஒரே பெயரில் இரண்டு வேறு போட்டிகள் கிடைக்கின்றன. ஆண்டின் தொடக்கத்திலும் செப்டம்பரிலும் ஒரு நாட்டு அணி இன்னொரு நாட்டின் மண்ணுக்குச் சென்று இரண்டு நாட்கள் ஆடும் தகுதிச் சுற்றுகள் ஒரு வகை. நவம்பரில் எட்டு அணிகளை ஒரே நகரில், ஒரே ஆடுகளத்தில் கூட்டி ஆறு நாட்களில் சாம்பியனைத் தீர்மானித்துவிடும் இறுதிக்கட்டம் இன்னொரு வகை. 2025ஆம் ஆண்டின் ஆட்டங்களை முன்வைத்து இவ்விரண்டையும் ஒரு பார்வையாளரின் இடத்திலிருந்து எடைபோட விரும்புகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தகுதிச் சுற்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கத்தக்க சரக்கு, இறுதிக்கட்டம் பளபளப்பான உறையில் வரும், ஆனால் எடை குறைந்த சரக்கு.

புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு அமைப்பைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். தகுதிச் சுற்றில் ஒவ்வொரு மோதலிலும் ஐந்து ஆட்டங்கள் உண்டு: முதல் நாளில் இரண்டு ஒற்றையர் ஆட்டங்கள்; இரண்டாம் நாளில் முதலில் இரட்டையர் ஆட்டம், அதன் பிறகு எதிராளிகளை மாற்றிப் போட்டு மீண்டும் இரண்டு ஒற்றையர் ஆட்டங்கள். மூன்று ஆட்டங்களை முதலில் வெல்லும் அணி முன்னேறும். இறுதிக்கட்டத்தில் இந்த ஐந்து மூன்றாகச் சுருங்கிவிடும்; இரண்டு ஒற்றையர், ஓர் இரட்டையர் என எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். இரு கட்டங்களிலும் மூன்றில் இரண்டு செட்களை வென்றால் போதும். இவர்களுக்குக் கீழே உலகக் குழு ஒன்று, உலகக் குழு இரண்டு, பிராந்தியக் குழுக்கள் எனப் படிப்படியாக ஏராளமான நாடுகள் ஏறவும் இறங்கவும் செய்துகொண்டிருக்கின்றன.

இந்தப் போட்டியை மற்ற டென்னிஸ் தொடர்களிலிருந்து பிரித்துக் காட்டுவது களத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமைதான். இரு நாடுகள் மோதும்போது, கடந்த முறை எந்த நாட்டில் ஆடினார்களோ அதற்கு மறு நாட்டில் இம்முறை ஆடுவது பொதுவான வழக்கம். எந்த நகரம், எந்தத் தரை, கூரையுள்ள அரங்கமா திறந்தவெளியா என்பவற்றையெல்லாம் உள்ளூர் அணியே முடிவு செய்யும். 1987இல் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன் ஆகியோரைக் கொண்ட இந்திய அணி, அரையிறுதியில் சிட்னியின் புல்தரையில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றுவிட்டு இறுதிப் போட்டிக்கு வந்தது. புல்லில் பழகிய அந்த அணிக்கு சுவீடன் என்ன செய்தது? கோத்தன்பர்க் நகரில் கூரையிட்ட அரங்கத்துக்குள் களிமண்ணைக் கொட்டித் தரை அமைத்தது, முடிவு 5-0. இதைச் சூழ்ச்சி என்று இந்திய ரசிகர்கள் அன்று நொந்திருக்கலாம், ஆனால் இதுவே டேவிஸ் கோப்பையின் இயல்பு. உன் ஊருக்கு நான் வந்தால் உன் தரையில் ஆடுவேன், என் ஊருக்கு நீ வந்தால் என் தரையில் ஆடு என்னும் இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் ஒரு டென்னிஸ் ஆட்டத்தை இரு நாடுகளின் வழக்காக மாற்றுகிறது.

இந்தக் குணம் இன்னும் உயிரோடு இருப்பதை 2025 செப்டம்பர் காட்டியது. தன் மண்ணான மார்பெல்யாவில் டென்மார்க்கை எதிர்கொண்ட ஸ்பெயின், முதல் நாளில் இரண்டு ஒற்றையர் ஆட்டங்களையும் இழந்து, மறுநாள் மூன்றையும் வென்று தப்பியது. சிட்னிக்குச் சென்ற பெல்ஜியம், இரண்டு ஆட்டங்கள் முன்னிலை பெற்று, அந்த முன்னிலையை முழுதாகப் பறிகொடுத்து, கடைசி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை வீழ்த்தியது. உலகக் குழு ஒன்றில், சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் இந்தியா 3-1 என்று வென்றது; 1993இல் லியாண்டர் பயஸும் ரமேஷ் கிருஷ்ணனும் ஃபிரேஜூஸ் நகரில் பிரான்ஸைச் சாய்த்த பிறகு, ஐரோப்பிய மண்ணில் ஓர் ஐரோப்பிய அணியை இந்தியா வென்றது அப்போதுதான். அந்த மோதலின் முதல் ஒற்றையர் ஆட்டத்தில், உலகத் தரவரிசையில் 600க்கும் கீழே இருந்த தமிழ்நாட்டு வீரர் தக்ஷிணேஸ்வர் சுரேஷ், தம்மைவிட நானூறு இடங்களுக்கு மேல் முன்னே இருந்த ஜெரோம் கிம்மை நேர் செட்களில் தோற்கடித்தார். தரவரிசையை மட்டும் நம்பிப் பந்தயம் கட்டுபவர்கள் டேவிஸ் கோப்பைப் பக்கம் வராமலிருப்பது அவர்களுக்கு நல்லது.

ஆட்டத்தை நெருங்கிப் பார்த்தால் வேறு சில சுவைகளும் தெரியும். வழக்கமான தொடர்களில் வீரர் தனியாகத் தம் நாற்காலியில் அமர்வார்; இங்கே ஆடாத கேப்டன் ஒருவர் களத்தின் ஓரத்திலேயே அவருடன் உட்கார்ந்திருப்பார். பக்கம் மாறும் அந்த ஒன்றரை நிமிடத்தில் கேப்டன் குனிந்து, இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு மேல் போகாமல் எதையோ சொல்வதும், வீரர் துண்டால் முகத்தை மூடியபடி தலையை மட்டும் ஆட்டுவதும், பின்னாலிருக்கும் சக வீரர்கள் எழுந்து நின்று கைதட்டுவதும் சேர்ந்து, தனிமனித விளையாட்டான டென்னிஸை அந்தச் சில நாட்களுக்கு அணி விளையாட்டாக்கிவிடுகின்றன. நடுவரும் புள்ளிகளை அறிவிக்கும்போது வீரரின் பெயரைச் சொல்வதில்லை, நாட்டின் பெயரையே சொல்கிறார். சர்வீஸ் போடும் முன் அரங்கம் அமைதியாக வேண்டும் என்ற மரபு இங்கே பெயரளவுக்குத்தான். முரசும் ஊதுகுழலும் பந்து மேலெழும் கணம் வரை ஓய்வதில்லை. சத்தம் பிடிக்காதவர்களுக்கு இது குறையாகத் தோன்றும். எனக்கு இதுவே கட்டணத்தின் பாதி.

உள்ளூர் ஆதரவு எல்லை மீறிய கதைகளும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 1972இல் புக்கரெஸ்ட்டில் ருமேனியாவும் அமெரிக்காவும் மோதிய இறுதிப் போட்டியில் எல்லைக்கோட்டு நடுவர்களின் தீர்ப்புகள் பெரும் சர்ச்சையாயின. அதையும் மீறி ஸ்டான் ஸ்மித்தின் அமெரிக்கா களிமண் தரையில் 3-2 என்று வென்றது. இன்று கோடுகளைக் கருவிகள் பார்த்துக்கொள்கின்றன. சத்தத்தை மட்டும் எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது, சரிசெய்யவும் வேண்டாம்.

இனி இறுதிக்கட்டத்துக்கு வருவோம். இது எப்படிப் பிறந்தது என்று தெரியாமல் இதன் குறைகள் புரியாது. 2018 ஆகஸ்ட்டில் ஆர்லாண்டோவில் கூடிய சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் பொதுக்குழு, 71 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளுடன் பழைய அமைப்பைக் கலைத்தது. கால்பந்து வீரர் ஜெரார்டு பிக்கேயின் காஸ்மோஸ் நிறுவனம் 25 ஆண்டுகளில் 300 கோடி டாலர் தருவதாக முன்வந்ததே அதற்குப் பின்னணி. 2019இல் மாட்ரிட்டில் 18 அணிகளை ஒரே வாரத்தில் ஆட வைத்தார்கள். அமெரிக்கா, இத்தாலி அணிகளின் மோதல் அதிகாலை 4 மணி 4 நிமிடத்துக்கு முடிந்தது என்பது ஒன்றே அந்த ஏற்பாட்டின் லட்சணத்தைச் சொல்லும். தந்தையை இழந்து ஊருக்குச் சென்ற ராபர்ட்டோ பாடிஸ்டா அகுட் திரும்பி வந்து இறுதிப் போட்டியில் வென்றதும், ரஃபேல் நடால் தாம் ஆடிய எட்டு ஆட்டங்களையும் வென்றதும் அந்த வாரத்தின் மானத்தைக் காத்தன. அமைப்பாளர்கள் காப்பாற்றவில்லை, வீரர்கள் காப்பாற்றினார்கள். 25 ஆண்டு ஒப்பந்தம் 2023 ஜனவரியில் முறிந்தது. அதன் பிறகு தகுதிச் சுற்றுகள் சிறிது சிறிதாகப் பழைய வழிக்குத் திரும்பின. ஒரே நகரில் கூடும் இறுதிக்கட்டம் மட்டும் தங்கிவிட்டது.

அந்த இறுதிக்கட்டத்தில் டென்னிஸின் தரம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 2023இல் மாலகாவில் நடந்த அரையிறுதியில், மூன்றாவது செட்டில் 4-5, 0-40 என்று மூன்று மேட்ச் பாயின்ட்களை (எதிராளி இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டமே முடிந்துவிடும் நிலை) எதிர்நோக்கி நின்ற இத்தாலியின் யானிக் சின்னர், செர்பியாவின் நோவாக் ஜோகோவிச்சிடமிருந்து மூன்றையும் மீட்டு அந்த செட்டை 7-5 என்று வென்றார். சற்று நேரத்தில் லொரென்சோ சொனேகோவுடன் இரட்டையருக்கும் இறங்கி, மறுபடியும் ஜோகோவிச்சை எதிர்த்து ஆடி, இத்தாலியை இறுதிக்குக் கொண்டுசென்றார். ஐந்தில் ஒரு பங்காக இருந்த இரட்டையர் ஆட்டம் மூன்றில் ஒரு பங்காக உயர்ந்ததும் நல்ல விளைவே. 1-1 என்று சமநிலையில் நிற்கும்போது, ஒற்றையர் ஆடிக் களைத்தவரை மீண்டும் இறக்குவதா, இரட்டையரையே தொழிலாகக் கொண்ட ஜோடியை நம்புவதா என்று கேப்டன் எடுக்கும் முடிவு, பார்ப்பவர்களையும் நகம் கடிக்க வைக்கிறது.

2025 நவம்பரில் இத்தாலியின் போலோன்யா நகரில் நடந்த அரையிறுதியில் அந்நாட்டின் ஃபிளாவியோ கோபோல்லியும் பெல்ஜியத்தின் ஸிஸு பெர்க்ஸும் ஆடிய ஆட்டத்தை இந்த வடிவத்தின் உச்சம் என்பேன். 6-3, 6-7 என்று செட்கள் பிரிந்து, மூன்றாவது செட்டும் டை-பிரேக்கருக்கு (செட் 6-6 என்று நின்றால் ஆடப்படும் தீர்மானச் சுற்று) போய், அதுவும் 17-15 வரை நீண்டது. ஏழு மேட்ச் பாயின்ட்களைத் தடுத்து கோபோல்லி வென்றார். டை-பிரேக்கரில் ஆறு புள்ளிக்கு ஒருமுறை பக்கம் மாற வேண்டும்; இருவரும் நடையைக்கூட ஆட்டத்தின் பகுதியாக்கி, ஒருவரை ஒருவர் பாராமல் வலையைக் கடந்துபோன அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் சலிக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் நொறுங்கிப்போயிருந்த பெர்க்ஸை கோபோல்லி அணைத்துத் தேற்றினார்.

ஆனால் உயர்ந்த ஆட்டங்கள் கிடைப்பதால் மட்டும் ஓர் அமைப்பு நியாயமாகிவிடாது. என் முதல் முறையீடு இதுதான்: நடப்பு சாம்பியனும் போட்டியை நடத்தும் நாடுமான இத்தாலிக்கு 2025இல் தகுதிச் சுற்றே இல்லை. மற்ற ஏழு இடங்களுக்காகப் பிற நாடுகள் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்துகொண்டிருந்தபோது, இத்தாலி நேராக எண்மர் பட்டியலில் இருந்தது. போலோன்யாவில் ஆஸ்திரியா, பெல்ஜியம், ஸ்பெயின் ஆகிய மூன்றையும் தலா 2-0 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. அதாவது, உலக சாம்பியன் ஒருமுறைகூட அயல்மண்ணில் ஆடவில்லை. மொத்தமாக வென்றது ஆறு ஆட்டங்கள். இத்தாலி 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு இறுதிக்கட்டத்தை நடத்தும் உரிமை பெற்றிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பழைய வரலாறு தெரிந்தவர்களுக்கு இது எங்கோ பார்த்த முகமாகத் தோன்றும். 1900இல் ஹார்வர்டு மாணவர் டுவைட் டேவிஸ் வெள்ளிக் கிண்ணம் ஒன்றைச் செய்வித்து, பாஸ்டனின் லாங்வுட் கிரிக்கெட் கிளப்பில் அமெரிக்காவையும் பிரிட்டனையும் மோதவைத்துத் தொடங்கிய காலம் முதல் 1971 வரை, நடப்பு சாம்பியன் எந்தச் சுற்றிலும் ஆட வேண்டியதில்லை. மற்ற நாடுகள் தங்களுக்குள் மோதி எஞ்சி வரும் ஒரே அணி, சாம்பியனின் வீட்டுக்கே போய்ச் சவால் விட வேண்டும். 1966இல் இந்தியா அப்படித்தான் சுற்றுச் சுற்றாக வென்று மெல்பர்னுக்குச் சென்று, காத்திருந்த ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றது. ராமநாதன் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியாவும் சேர்ந்து ஜான் நியூகம்ப், டோனி ரோச் ஜோடியை வென்றது ஒன்றே அன்று இந்தியாவுக்குக் கிடைத்த ஆறுதல். சாம்பியனுக்கு மட்டும் நாற்காலி போட்டுக் காத்திருக்கச் சொல்லும் அந்த முறை சரியல்ல என்று கண்டுதான் 1972இல் அதை ஒழித்தார்கள். இத்தாலியின் தொடர்ச்சியான மூன்று பட்டங்களை 1968 முதல் 1972 வரையிலான அமெரிக்காவின் வெற்றிகளோடு ஒப்பிட்டுப் பலர் புகழ்ந்தார்கள். ஒப்பீடு சரியே, ஆனால் அந்த ஐந்தில் நான்கு பட்டங்கள் காத்திருக்கும் முறை இருந்த காலத்தவை என்பதை அவர்கள் சொல்லவில்லை. முன்வாசல் வழியாக அனுப்பப்பட்டது பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. சின்னரும் இல்லாமல், மட்டெயோ பெரெட்டினியும் கோபோல்லியும் தோள்கொடுத்து வென்ற கோப்பை அது. அந்த வீரர்களின் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை ஏணியில் இருக்கிறது.

இரண்டாவது முறையீடு நடுநிலை மண்ணைப் பற்றியது. ஒரே நகரில் ஆடும்போது, அந்நாட்டு அணி ஆடும் மோதலைத் தவிர மற்றவை எல்லாம் யாருக்கும் சொந்தமில்லாத மண்ணில் நடக்கின்றன. ஜெர்மனியும் ஸ்பெயினும் போலோன்யாவில் அரையிறுதி ஆடின. அலெக்ஸாண்டர் ஸ்வெரெவ் இருந்தும் ஜெர்மனி இரட்டையரில் தோற்று 2-1 என்று வெளியேறியது; அதே மோதல் ஜெர்மனியின் ஏதேனும் ஒரு நகரிலோ ஸ்பெயினின் களிமண்ணிலோ நடந்திருந்தால் அரங்கத்தின் நிறமே வேறாக இருந்திருக்கும். 2014இல் லீல் நகரின் கால்பந்து மைதானத்துக்குக் கூரையிட்டு, களிமண் தரை அமைத்து, பிரான்ஸும் சுவிட்சர்லாந்தும் இறுதிப் போட்டி ஆடியபோது 27,000க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் திரண்டார்கள். ரோஜர் ஃபெடரர் கோப்பையைத் தூக்கியது அந்தக் கூட்டத்தின் எதிர்ப்புக்கு நடுவே என்பதால்தான் அந்த வெற்றிக்கு அத்தனை கனம்.

செட்களின் எண்ணிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐந்து செட் ஆட்டங்களின் காலத்தில் இந்தப் போட்டி தந்தவற்றைப் பட்டியலிட்டால் மூச்சு முட்டும். 1982இல் செயின்ட் லூயிஸில் ஜான் மெக்கன்ரோவும் மாட்ஸ் விலாண்டரும் 6 மணி 22 நிமிடங்கள் ஆடினார்கள். 2013இல் ஜெனீவாவில் ஓர் இரட்டையர் ஆட்டம் ஏழு மணி நேரத்தைத் தாண்டி, ஐந்தாவது செட்டில் 24-22 என்று முடிந்தது. வீரர்களை இப்படிப் பிழிவது தேவையா என்ற கேள்வி நியாயமானதே. அட்டவணை நெரிசலும் உண்மையானதே: 2025இல் டூரினில் ஆண்டிறுதித் தொடர் முடிந்த இரண்டாம் நாளே போலோன்யா தொடங்கியது, சின்னர் ஓய்வு கேட்டு ஒதுங்கினார், கார்லோஸ் அல்கராஸ் காயத்தால் விலகினார். ஆனாலும் மூன்று செட் முறை எதை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். 1966இல் கொல்கத்தாவில் பிரேசிலின் தோமாஸ் கோக்கிடம் இரண்டு செட்டுக்கு ஒன்று என்று பின்தங்கி, நான்காவது செட்டிலும் 2-5 என்று நின்ற ராமநாதன் கிருஷ்ணன், அங்கிருந்து எழுந்து வந்து இந்தியாவை இறுதிக்கு அழைத்துச்சென்றார். 1995இல் டெல்லியில் கோரான் இவானிசெவிச்சிடம் முதல் இரண்டு செட்களை இழந்த லியாண்டர் பயஸ் அடுத்த மூன்றையும் வென்றார். 2016 இறுதிப் போட்டியில், ஜாக்ரெப்பில், ஹுவான் மார்ட்டின் டெல் போட்ரோ விரல் முறிந்த நிலையிலும் இரண்டு செட் பின்னடைவிலிருந்து மீண்டு மரின் சிலிச்சை வென்றார். அதற்கு முன் நான்கு இறுதிப் போட்டிகளில் தோற்றிருந்த அர்ஜென்டினா அன்றுதான் முதன்முறையாகக் கோப்பையைத் தொட்டது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் இம்மூவரும் தோற்றவர்களாகக் கைகுலுக்கிவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். தகுதிச் சுற்றுக்கு மூன்று செட் போதும் என்பதை ஏற்கிறேன். கோப்பையைத் தீர்மானிக்கும் இறுதி மோதலுக்காவது ஐந்து செட் வேண்டும்; அதையும் இரு அணிகளில் ஒன்றின் மண்ணில் வைக்க வேண்டும்.

நேர ஒழுங்கைப் பொறுத்தவரை மாட்ரிட் காலத்தைவிட இப்போது நிலைமை மேல். ஆனாலும் ஒரே நாளில் மூன்று ஆட்டங்களை அடுக்கும்போது ஒன்று நீண்டால் மற்றவை பின்னுக்குத் தள்ளப்படும். 2024இல் மாலகாவில் நடால் தம் கடைசி ஒற்றையர் ஆட்டத்தில் போடிச் வான் டி ஸாண்ட்ஷுல்ப்பிடம் 6-4, 6-4 என்று தோற்றார்; பிறகு ஸ்பெயின் இரட்டையரையும் இழந்து முதல் மோதலிலேயே வெளியேற, இத்தனை பெரிய வீரரின் பிரிவுபசாரம் நள்ளிரவை ஒட்டி, தோல்வியின் களைப்போடு நடந்தது. தோல்வி யார் கையிலும் இல்லை. ஒற்றை நாளில் எல்லாவற்றையும் திணித்தது மட்டும் அமைப்பாளர்களின் கையில் இருந்தது.

தொலைக்காட்சியிலோ இணையத்திலோ பார்ப்பவருக்கு இறுதிக்கட்டம் பொருத்தமானது: ஆறு நாட்கள் ஒதுக்கினால் போதும், ஒவ்வொரு ஆட்டமும் முடிவைத் தொடும், பெரிய பெயர்கள் ஓரளவு கிடைக்கும். தகுதிச் சுற்றுகளோ ஒரே வார இறுதியில் உலகெங்கும் சிதறி நடப்பதால் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்ற திண்டாட்டம் உண்டு. அறிமுகமில்லாத பெயர்களும் அதிகம். பிடித்த ஒரே மோதலைத் தேர்ந்தெடுத்து இரண்டு நாளும் முழுதாகப் பார்ப்பதே நல்லது. நான்கு மோதல்களுக்கிடையே தாவினால் எதுவும் ஒட்டாது.

நேரில் செல்ல வாய்ப்புள்ளவர்கள் தகுதிச் சுற்றுக்கே செல்லட்டும். இரண்டு நாளுக்கும் சேர்த்து நுழைவுச்சீட்டு வாங்க முடியாவிட்டால் எந்த நாளைத் தேர்வது என்பதில் சிறு கணக்கு இருக்கிறது. இரண்டாம் நாளில் மூன்று ஆட்டங்கள், முடிவும் அன்றுதான்; ஆனால் முதல் நாளே ஓர் அணி 2-0 என்று முன்னேறிவிட்டால், மறுநாள் இரட்டையர் ஆட்டத்தோடு கதை முடிந்து, மிச்சம் ஒப்புக்கு ஆடப்படும் அபாயமும் உண்டு. இரு அணிகளும் வலுவில் நிகர் என்று தெரிந்தால் இரண்டாம் நாளை வாங்கலாம். ஒரு பக்கம் தெளிவாகச் சாய்ந்திருந்தால் முதல் நாளே பாதுகாப்பானது, இரண்டு ஒற்றையர் ஆட்டங்கள் உறுதியாகக் கிடைக்கும்.